மஞ்சள் மீசை ஈ

அந்த ஈயை முதலில் பார்த்தது என் தோழிதான். உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு. அதைச் சுற்றி இருந்த கிளுவை வேலியில் காய்ந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு குச்சியின் நுனியில் அது உட்கார்ந்திருந்தது. இரண்டு அரிசி மணிகளை ஒட்டி வைத்த நீளம்தான் இருக்கும். ஒரு கொசுத்தேனீயைக் கால்களுக்குள் அணைத்துப் பிடித்து, அதன் முதுகில் வாயைக் குத்தி உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"அசையாத. நீ அசைஞ்சா போயிரும்" என்றாள்.

நான் அசையவில்லை. அவள் வலையை வீசிய சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. வலையின் முனையில் ஈயும் தேனீயும் சேர்ந்தே கிடந்தன. அது ஆண். அரை மணி நேரம் கழித்து அதே வேலியில் ஒரு பெண் ஈ கிடைத்தது. அன்றைக்கு அவ்வளவுதான்.

நாங்கள் இரண்டு பேரும் அப்போது கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆராய்ச்சி மாணவிகள். எங்கள் இருவருக்கும் வழிகாட்டி ஒரே மேடம். மற்றப் பூச்சிகளைப் பறக்கும்போதே பிடித்துத் தின்னும் கொள்ளைக்கார ஈக்களைப் பற்றித்தான் எங்கள் ஆராய்ச்சி. முகத்தில் மீசைபோல் முரட்டு மயிரும், இரண்டு பெரிய கண்களுக்கு நடுவில் உச்சந்தலையில் ஒரு பள்ளமும் இருந்தால் அது கொள்ளைக்கார ஈ. அந்த அளவுக்கு யாரும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். அதற்கு மேல் எந்த இனம் என்று சொல்வதுதான் பாடு.

அவள் கோட்டைமேட்டுக்காரி. அவளுடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அங்கே ஒரு சின்ன மூக்குக் கண்ணாடிக் கடை இருந்தது. நான் காரமடையை அடுத்த ஒரு காலனியிலிருந்து வந்தவள். என் அம்மா பக்கத்துத் தோட்டங்களில் கருவேப்பிலை ஒடிக்கும் வேலைக்குப் போனாள். ஆய்வகத்தில் ஒரே மேசையின் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்தோம். ஒரு நுண்ணோக்கியை மாற்றி மாற்றிப் பார்த்தோம்.

இனத்தைக் கண்டுபிடிக்க உதவும் புத்தகம் முழுக்கக் கேள்விகளாக இருக்கும். உணர்கொம்பின் நுனியில் இறகுபோல் மயிர் உண்டா? உண்டென்றால் இன்ன எண்ணுக்குப் போ, இல்லையென்றால் இன்ன எண்ணுக்கு. பின்தொடையின் அடியில் முள்வரிசை உண்டா? இறக்கையின் மூன்றாவது நரம்பு எங்கே பிரிகிறது? ஒவ்வொரு கேள்வியாக இறங்கிக்கொண்டே வந்தால் கடைசியில் ஒரு பெயரில் போய் நிற்க வேண்டும். எங்கள் ஈ எந்தப் பெயரிலும் நிற்கவில்லை. கால் ஒத்துப்போனால் மீசை ஒத்துப்போகாது. மீசை ஒத்துப்போனால் முதுகு முட்கள் கூடக்குறைய இருக்கும்.

மேடத்திடம் போய்ச் சொன்னோம். அவர் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"புதுசுன்னு ஒருத்தர் கிட்டயும் வாயைத் தொறக்காதீங்க. மொதல்ல நாமதான் எங்கியோ தப்பாப் பாத்திருக்கறோம்னு வெச்சுக்குங்க. அந்தத் தப்பைத் தேடுங்க. கெடைக்கலைன்னா அப்பறம் வாங்க."

ஒரு மாதத்துக்கு மேல் தப்பைத் தேடினோம். கிடைக்கவில்லை. இனி மிச்சமிருந்தது ஒன்றுதான். ஆண் ஈயின் வால் நுனியில் உள்ள இனப்பெருக்க உறுப்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெளியே ஒன்றுபோல் தெரியும் இரண்டு இனங்களை அதை வைத்துத்தான் பெரும்பாலும் பிரிப்பார்கள். வால் நுனியை வெட்டியெடுத்துக் காரக் கரைசலில் போட்டு வெந்நீரில் இளஞ்சூடாக வைத்தால், சதை கரைந்து உள்ளே இருக்கும் தகடுகளும் கொக்கிகளும் கண்ணாடிபோல் தெளிவாகத் தெரியும். நேரம் கூடிப்போனால் அந்தத் தகடுகளும் கரைந்து போய்விடும்.

கை நடுங்காமல் அதைச் செய்யக்கூடியவள் அவள்தான். ஆனால் அந்த வாரம் அவளுடைய அக்காவுக்குக் கல்யாணம். நாலு நாள் லீவு போட்டிருந்தாள். "நான் வந்து செய்யறேன், நீ தொடாத" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் கல்யாணத்தன்று காலையில் மட்டும் போய்த் தலையைக் காட்டிவிட்டுத் திரும்பியிருந்தேன். அடுத்த நாள் ஆய்வகத்தில் யாரும் இல்லை. அந்த ஈ பெட்டிக்குள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது போலத் தோன்றியது. அவள் வருவதற்குள் நானே செய்து, படமும் வரைந்து மேசைமேல் வைத்துவிட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். அந்த ஆசையை இன்றைக்கும் என்னால் முழுதாகத் தப்பு சொல்ல முடியவில்லை.

வெட்டினேன், நன்றாகவே வெட்டினேன். சின்னக் குழாயில் போட்டு, மின் அடுப்பில் இருந்த வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்தேன். பத்து நிமிஷம் கூட ஆகியிருக்காது. உதவித்தொகைப் படிவத்தில் இன்றே கையெழுத்துப் போடாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அலுவலகத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார். ஓடிப் போய்விட்டு வந்துவிடலாம் என்று போனேன். அங்கே எனக்கு முன்னால் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். நடுவில் ஒருமுறை அடுப்பு ஞாபகம் வந்தது. வரிசையை விட்டால் மறுபடி கடைசியில் நிற்க வேண்டும் என்று நின்றேன்.

திரும்பி வந்தபோது பாத்திரத்தில் தண்ணீர் இல்லை. குழாய் விரிசல் விட்டிருந்தது. அதன் அடியில் வெள்ளையாக ஒரு பொருக்கும், அதில் ஒட்டிக்கொண்டு பழுப்பாக ஒரு துணுக்கும் இருந்தன. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. எறும்பு தின்றுவிட்டது என்று சொல்லலாமா என்று யோசித்தேன். கீழே விழுந்து தொலைந்துவிட்டது என்று சொன்னால் நம்புவாள் என்றும் தெரியும். அவள் என்னை நம்பிவிடுவாள் என்பதுதான் கஷ்டமாக இருந்தது.

மூன்றாம் நாள் கையில் மருதாணியோடு வந்தாள். எனக்கென்று கல்யாண பிரியாணியை ஒரு டிபன் கேரியரில் கொண்டு வந்திருந்தாள். மூடியைத் திறந்து என் முன்னால் வைத்தாள். என்னால் கை வைக்க முடியவில்லை.

"ஏன்டி, ஒடம்பு சரியில்லையா?"

"அந்த ஆணை நான் கெடுத்துப்போட்டேன்" என்றேன்.

நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் ஈப்பெட்டியைத் திறந்து, வாலில்லாமல் ஊசியில் நின்ற ஈயைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பெட்டியை மூடினாள்.

"மொதல்ல சாப்பிடு. அப்பறமாத் திட்டறேன்."

சாப்பிட்டேன். அவள் திட்டவில்லை. ஆனால் இரண்டு நாள் என்னோடு பேசவும் இல்லை. திட்டியிருக்கலாம் என்று இருந்தது.

மேடத்திடம் போய் நின்றபோது நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "மேடம், நாங்க ரெண்டு பேருந்தான் மேடம் கவனிக்காம உட்டுட்டோம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "என்னைக்கு?"

அவள் தேதியைச் சொன்னாள்.

"அன்னைக்கு, கல்யாணத்துக்கு மறுநாள், உங்க அக்கா வலிமா விருந்துல நீதான எனக்கு எலை போட்டு உக்கார வெச்சே? அப்பறம் எப்பம்மா இங்க வந்து டியூபைப் பாத்துட்டு இருந்தே?"

மேடம் சிரிக்கவில்லை என்றாலும் கோபமும் போய்விட்டது. "அடுத்த பருவத்துல இன்னொரு ஆணைப் புடிச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

அடுத்த பருவம் என்றால் அடுத்த வருஷம். ஆடிக்காற்று ஓய்ந்து புரட்டாசியில் ஒன்றிரண்டு மழை விழுந்த பிறகுதான் அந்த ஈ கண்ணில் படும். அதுவரை மற்ற வேலைகளைச் செய்தோம். புரட்டாசி பிறந்ததும் சனிக்கிழமைதோறும் பஸ் ஸ்டாண்டில் சந்தித்து உடுமலைக்குப் போனோம். முதல் வாரமே தலையில் இடி விழுந்ததுபோல் ஆனது. அந்தத் தோப்புக்காரர் கிளுவை வேலியை எடுத்துவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டியிருந்தார். எங்களைப் பார்த்ததும் இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

"வேலியில பாம்பு அடையுதுங்க. அதான் எடுத்துப்போட்டேன். உங்களுக்கு ஈ வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு பக்கமாவது உட்டிருப்பனுங்க" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

அக்கம்பக்கத்துத் தோப்புகளில் ஐந்து வாரம் தேடினோம். பெண் ஈ ஒன்று கிடைத்தது. ஆண் கிடைக்கவில்லை. அந்த வருஷத்தோடு படிப்பை முடித்துக்கொண்டு கடையைப் பார்க்க வரச் சொல்லி அவளுடைய வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அத்தாவுக்கு அப்போதே கண் மங்கத் தொடங்கியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தபோது, போனில் இருந்த ஈயின் படத்தை அம்மாவிடம் காட்டினேன். காட்ட வேண்டும் என்று காட்டவில்லை. கையில் என்ன என்று கேட்டாள், காட்டினேன்.

"இதுதானா? நாங்க ஒடிக்கற காட்டுல இது கெடக்குதே. குச்சி குச்சிக்கு உக்காந்திருக்குது."

அதற்கு என்ன பெயர் என்று அவளிடம் கேட்டேன்.

"பேரென்ன பேரு. அது நம்மளக் கடிக்கறதில்ல, நாமளும் அதக் கண்டுக்கறதில்ல."

அடுத்த ஞாயிறு தோழியையும் கூட்டிக்கொண்டு போனேன். கருவேப்பிலைத் தோட்டத்துக்குள் அம்மா முன்னால் நடந்தாள். நல்ல வெயில். ஒரு வரப்பில் நின்று, "அதோ பாருங்க அம்மணி" என்று அவளுக்குக் காட்டினாள். குச்சியில் உட்கார்ந்திருந்தது கொள்ளைக்கார ஈதான். ஆனால் எங்களுடையது இல்லை. அதைவிட இரண்டு மடங்கு பெரிய, எங்கும் கிடைக்கிற இனம். நான் என் ஏமாற்றத்தை முகத்தில் காட்டிவிட்டேன். அம்மாவுக்கு அது புரிந்துவிட்டது.

"தெரியாம வரச் சொல்லிப்போட்டேன் கண்ணு. அந்தப் புள்ளைய வேற வெயில்ல இழுத்துட்டு வந்துட்டேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கம்மா. பசிக்குதுங்க, சாப்பிடலாம்" என்றாள் தோழி.

கருவேப்பிலைக்கு அன்று காலைதான் மருந்து அடித்திருந்தார்கள். நெடி தாங்க முடியாமல், காட்டைத் தாண்டி ஓடையோரமாக இருந்த வேலமர நிழலுக்குப் போய் உட்கார்ந்தோம். அம்மா கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை மூன்று பேருக்கும் வைத்தாள். பாதிச் சோற்றில் தோழியின் கை நின்றது. எதிரே ஒரு முள்ளின் நுனியை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். மெலிந்த உடம்பு, மஞ்சள் மீசை, கால்களுக்குள் ஒரு தத்துப்பூச்சி. வால் நுனி பருத்திருந்தது. ஆண்.

வலை என் பையில், கைக்கெட்டாத தூரத்தில் இருந்தது. யாரும் எழவில்லை. அம்மா எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள், பிறகு முள்ளைப் பார்த்தாள். தம்ளரில் இருந்த தண்ணீரைச் சத்தமில்லாமல் மண்ணில் ஊற்றினாள். உட்கார்ந்த நிலையிலேயே கையை நீட்டி, தம்ளரை முள்ளின் மேல் கவிழ்த்து, வாயை மறு உள்ளங்கையால் அடைத்தாள். முள் கையில் குத்தி ரத்தம் வந்தது. கையை எடுக்கவில்லை.

"இதுவாவது உங்களுதா பாருங்க" என்றாள்.

தோழி தன் உள்ளங்கையால் வாயை மூடித் தம்ளரை வாங்கி, விரலிடுக்கில் பார்த்து, "எங்களுதுதாங்கம்மா" என்றாள். மாலைக்குள் அந்த ஓடையோரத்தில் இன்னும் மூன்று ஆண் ஈக்கள் கிடைத்தன.

இந்த முறை அவள் பிரித்தாள். நான் பக்கத்தில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், எழுந்து தண்ணீர் குடிக்கக்கூடப் போகவில்லை. உள்ளே இருந்த கொக்கி, புத்தகத்தில் இருந்த எந்தப் படத்தோடும் சேரவில்லை. நுனியில் இரண்டாகப் பிளந்து, மேல் பிளவு வளைந்து திரும்பியிருந்தது. அதை நான் ஏழு முறை வரைந்தேன்.

பிறகு வருணனை எழுதினோம். அதுதான் எனக்கு மிகவும் பிடித்த காலம். தலையில் தொடங்கி வால் வரை ஒரு மயிரும் விடாமல் எழுத வேண்டும். ஆங்கிலத்தில்தான் எழுதினோம், சண்டை எல்லாம் தமிழில். கால் என்ன நிறம் என்பதில் மட்டும் ஒரு பிற்பகல் முழுக்கப் போனது. நான் தேன் என்றேன். அவள் இல்லை என்றாள்.

"தேன்ல செவப்பு இவ்வளவு வராது. எங்க அத்தா கடையில பழைய ஃப்ரேம் ஒண்ணு இருக்குது, வெளிச்சத்துல புடிச்சா இதே கலரு."

மறுநாள் அந்த ஃப்ரேமைக் கொண்டு வந்து விளக்கடியில் ஈயின் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அவள் சொன்னதுதான் சரி. மேடம் வந்து பார்த்து, "மூக்குக் கண்ணாடி நெறம்னு எழுத முடியாது, செம்மஞ்சள்னு எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெயர் வைக்க வேண்டிய நாளில் தோழி என் அம்மாவின் பெயரை வைக்கலாம் என்றாள். போன் போட்டுக் கேட்டோம்.

"ஈக்கு என்ற பேரா? வேண்டாங் கண்ணு. காட்டுக்கு வர்றவங்க எல்லாம் சிரிப்பாங்க."

எவ்வளவு சொல்லியும் ஒத்துக்கொள்ளவில்லை. லத்தீனில் மஞ்சள் மீசை என்று பொருள்படும் பெயரை வைத்தோம். ஆனால் ஊசியில் குத்தும் சீட்டில், பிடித்தவர் என்ற இடத்தில் அம்மாவின் பெயரைத்தான் போட்டோம். அந்த இனத்துக்கே சாட்சியாக வைக்கப்படும் முதல் ஈ, அவள் தம்ளரில் விழுந்ததுதான். அருங்காட்சியகத்துக்கு அனுப்பும் முன் அம்மாவைக் கல்லூரிக்குக் கூட்டி வந்து காட்டினேன். நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தாள்.

"தமிழ்ல எழுதலியா?" என்று மட்டும் கேட்டாள்.

தோழி மிக மெல்லிய பேனாவால் ஒரு துண்டுக் காகிதத்தில் தமிழில் எழுதி, ஆங்கிலச் சீட்டுக்குக் கீழே குத்தினாள். அம்மா மறுபடியும் பார்த்து, எழுத்துக்கூட்டித் தன் பெயரை வாய்க்குள் வாசித்தாள்.

கட்டுரை இரண்டு முறை திருத்தத்துக்குத் திரும்பி வந்து, பிறகு வெளியானது. தோழி அந்த வருஷமே கடைக்குப் போய்விட்டாள். இப்போது கடை முழுக்க அவள் பொறுப்பு. நான் வேறொரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். மேடம் ஓய்வு பெற்று மகளோடு இருக்கிறார். என் அம்மா இன்னும் வேலைக்குப் போகிறாள், சொன்னால் கேட்பதில்லை.

போன மாதம் என் மாணவி ஒருத்தி பொள்ளாச்சிப் பக்கம் ஒரு வேலியோரம் எடுத்த படத்தை அனுப்பியிருந்தாள். மஞ்சள் மீசை தெளிவாகத் தெரிந்தது. உடுமலைக்கும் காரமடைக்கும் பிறகு, மூன்றாவதாக ஓர் இடத்தில் அந்த இனத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. தோழிக்கு அனுப்பினேன். கடையில் ஆள் இருந்திருக்க வேண்டும், ஒரு மணி நேரம் கழித்துத்தான் கூப்பிட்டாள்.

"வர்ற ஞாயித்துக்கெழம கடை லீவு. எத்தனை மணிக்கு வாரே?" என்றாள்.

எட்டு மணிக்குப் பஸ் ஸ்டாண்டுக்கு என்றேன். இரண்டு பேருமே ஏழுக்கே போய்விட்டோம்.