பதில் வரும்வரை நின்றவர்

நீல நிற பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று. அதன் முதுகில் தேர்தலின்போது யாரோ ஒட்டிய காகிதம் பாதி கிழிந்து, பாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாற்காலி காலியாக இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு பெண் கைகளைக் கட்டாமல், எதிலும் சாயாமல் நிற்கிறார். கிராம சபை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் காட்சிதான். நின்றவர் நாலாம் வார்டு மெம்பர். அவருக்கு எதிரே மேசைக்குப் பின்னால், மின்விசிறிக்கு நேர் கீழே, வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தவள் நான். அந்த ஊராட்சியின் செக்ரட்டரி.

ஆந்திராவில், பாலசமுத்திரம் பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லையோர ஊர் அது. பெயர் வேண்டாம். வீட்டில் தமிழ், அலுவலகத்தில் தெலுங்கு, சண்டை வந்தால் இரண்டும். எனக்குச் சொந்த ஊர் நகரி. என் நைனா, அதாவது அப்பா, விசைத்தறி ஓட்டியவர். நான் தெலுங்கில் படித்து, தெலுங்கில் பரீட்சை எழுதி, அரசாங்க வேலை வாங்கியபோது தெருவுக்கே லட்டு கொடுத்தார். அந்த ஊருக்கு நான் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. மண்டல அலுவலகத்திலிருந்து போன் வந்தால் எழுந்து நின்று பேசுகிற காலம்.

வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்பதை எனக்கு முன்னால் இருந்தவர் ஒரே நாளில் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சபை கூடுவதற்கு முந்தின நாளே தீர்மானங்களை நோட்டில் எழுதி வைத்துவிட வேண்டும். கூட்டம் தொடங்கியதும், டீ வருவதற்குள், மெம்பர்களிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். டீ குடித்துவிட்டால் ஆளுக்கு ஆள் எழுந்து போய்விடுவார்கள். அப்புறம் எழுதியதைப் படிக்க வேண்டும். யாரும் கேட்கமாட்டார்கள், ஆனாலும் படிக்க வேண்டும். நானும் அப்படியே செய்துவந்தேன், ஒரு குறையும் வரவில்லை.

நாலாம் வார்டு மெம்பருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். காலனியிலிருந்து ஜெயித்து வந்தவர். அவருடைய அப்பா காலத்தில் அவர்களுக்கு ஒரு காணி நிலம்கூடக் கிடையாது. பிறகு அரசாங்கம் கொடுத்த ஒரு ஏக்கரில் இவரும் கணவரும் வேர்க்கடலை போட்டார்கள். கடலை இல்லாத நாட்களில் கரும்பு வெட்டப் போவார். மகன் ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. இவர் தமிழில் ஐந்தாவது வரை படித்தவர், கையெழுத்தும் தமிழில்தான். நோட்டை நீட்டினால் உடனே கையெழுத்துப் போடமாட்டார். "இதுல இன்னா எழுதிக்கீது?" என்று கேட்பார். நான் சுருக்கிச் சொல்வேன். "சரி" என்று போடுவார். இந்தக் கேள்விக்கே டீ ஆறிவிடுகிறது என்று மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். எனக்கும் எரிச்சல்தான்.

அன்றைக்கு இருந்தது ஒரே ஒரு முக்கியமான தீர்மானம். ஊரில் எல்லா வீட்டுக்கும் குழாய் இணைப்புக் கொடுத்தாயிற்று, எல்லாவற்றிலும் தண்ணீர் வருகிறது, வேலை முடிந்தது என்று கிராம சபை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று மாலைக்குள் அதை கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும். ஏற்றிவிட்டால் எங்கள் ஊர் வேலை முடிந்த ஊர்களின் பட்டியலில் சேர்ந்துவிடும். அந்தப் பட்டியலில் சேர்ந்த ஊருக்குக் குழாய் வேலைக்காக மறுபடி யாரும் வரமாட்டார்கள். இது எனக்குத் தெரியும். காலனியில் இருந்த பதினெட்டு வீடுகளையும் ஒப்பந்தக்காரரின் ஆள் அனுப்பிய போட்டோக்களை வைத்துத்தான் நான் கணக்கில் சேர்த்திருந்தேன். வீட்டுக்கு ஒரு போட்டோ, ஒவ்வொன்றிலும் ஒரு குழாய். படிவம் குழாயின் படத்தைத்தான் கேட்டது, தண்ணீரின் படத்தைக் கேட்கவில்லை.

காலனிப் பெண்கள் அப்போதும் தண்ணீருக்கு ஒரு விவசாயியின் போர்வெல்லுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வயலுக்குக் கரண்ட் வரும் நேரம் இன்னது என்று கிடையாது. காலை பதினொரு மணிக்கு வந்தால் கரும்பு வெட்டிக்கொண்டிருப்பவர்கள் கத்தியைப் போட்டுவிட்டுக் குடத்தோடு ஓடி வர வேண்டும். அந்த விவசாயியும் வரப்பு சேறாகிறது என்று வேலி போடப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சபை பஞ்சாயத்து அலுவலகத்து வராந்தாவில் கூடியது. மெம்பர்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு ஜமக்காளம். அறுபது பேர் இருக்கும். மற்ற மெம்பர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நான் தெலுங்கில் படித்து முடித்ததும், இன்னும் போடாமலிருந்த நாலாம் வார்டு மெம்பர் எழுந்தார்.

"மேடம், எங்க காலனில பதினெட்டு வூட்டுக்கும் கொழா கீது. எந்த வூட்ல தண்ணி வருது? நீ வந்து பாத்தியா?"

அவர் பேச்சில் மேடமும் நீயும் எப்போதும் ஒன்றாகத்தான் வரும். "போட்டோ எல்லாம் இருக்கும்மா, ஒவ்வொரு வீட்டுக்கும் இருக்கு" என்றேன்.

"போட்டோவ நான் கேக்கல. நீ வந்து பாத்தியா?"

ஊராட்சித் தலைவரான சர்பஞ்ச் நல்ல மனிதர், மாந்தோப்புக்காரர், யாரையும் பகைத்துக்கொள்ளமாட்டார். "கூர்ச்சோம்மா, கூர்ச்சோ" என்று தெலுங்கில் உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. சரி, கேட்டாயிற்று, பதிலும் சொல்லியாயிற்று என்று நினைத்து நான் நோட்டை மூடினேன். "சபை முடிந்தது" என்று அறிவித்துவிட்டு எழுந்தேன்.

ஒருவரும் அசையவில்லை. டீ கொண்டுவந்தவன்கூடத் தட்டோடு ஓரமாக நின்றுவிட்டான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் அலுவலக அட்டெண்டர் குனிந்து காதில் சொன்னார்: "மேடம், அந்தம்மா நின்னுக்கினு கீது."

"நிக்கட்டுமே."

"இல்ல மேடம். கேட்டவங்க நின்னுக்கினு இருந்தா கூட்டம் முடியாது. இங்க அதான் வழக்கம்."

கோயிலுக்கு முன்னால் கூடும் ஊர்க்கூட்டத்தின் வழக்கமாம் அது. கேட்டவர் நிற்பார். பதில் வந்ததும் உட்காருவார். பதில் அவருக்குப் பிடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, பதிலாக இருந்தால் போதும். ஒருவர் நின்றுகொண்டிருக்கும்போது கூட்டம் கலைந்தால் கலைத்தவருக்கு அவமானம். அரசாங்கத்துக் கூட்டத்தில் இதை யாரும் அதுவரை செய்ததில்லை. இன்னொன்றையும் அட்டெண்டர் சொன்னார். அந்த ஊர்க்கூட்டத்தில் காலனிக்காரர்களுக்கு உட்காரும் உரிமையே இருந்ததில்லை, கேள்வி கேட்கும் உரிமையும் இல்லை. ஓரமாக நின்று தீர்ப்பை மட்டும் கேட்டுக்கொண்டு போக வேண்டும். அப்படிப்பட்ட கூட்டத்தின் வழக்கத்தை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு இவர் நின்றார். ஊரில் மற்றவர்களுக்கும் அது உறைத்திருக்க வேண்டும். அதனால்தான் ஒருவரும் எழுந்து போகவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

அன்று எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. மரியாதை எல்லாம் பிறகு வந்தது. என் வயதுக்கு, நிரந்தரமாகாத என் வேலைக்கு, அறுபது பேர் முன்னால் இப்படி ஒரு நிலைமையா என்று அழுகை முட்டியது. மண்டல அலுவலகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்தது. ஏற்றியாயிற்றா என்று கேட்டார்கள். இதோ என்றேன். திரும்பி வந்து, "பரிசோதனை நடந்துக்கிட்டு இருக்கு" என்றேன். அவர் உட்காரவில்லை. "மேல இருந்து வந்த லிஸ்டும்மா இது, நான் போட்டது இல்ல" என்றேன். அதற்கும் உட்காரவில்லை. பொய்யாகவும் இருக்கக் கூடாது, ஒப்புக்கொண்டதாகவும் ஆகக் கூடாது, அப்படி ஒரு வாக்கியத்தைத் தேடிக்கொண்டே இருந்தேன். ஆபீஸ் பாஷையில் அப்படிப்பட்ட வாக்கியங்கள் ஏராளம். தெலுங்கில் சொன்னால் கம்பீரமாக இருக்கும். தமிழில் சொல்லிப் பார்த்தால் ஒன்றுமே இல்லாமல் போய்விடுகிறது. நடுவில் யாரோ அவருக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தார்கள். நின்றபடியே அண்ணாந்து குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, மறுபடி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போலத்தான் பார்த்தார்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. மனசாட்சி உறுத்தி உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. சொல்ல வேறு எதுவும் மிச்சமில்லாததால் சொன்னேன்.

"நான் வரலைம்மா. பாக்காமதான் எழுதினேன்."

நான் வாயை மூடுவதற்குள் அவர் உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை, பக்கத்திலிருப்பவர்களைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "அத எழுது மேடம். எழுதிட்டுப் படி" என்றார்.

எழுதினேன். காலனி வீடுகளைச் செக்ரட்டரி நேரில் பார்க்கவில்லை என்று செக்ரட்டரியே சபையில் சொன்னார். ஆகவே தீர்மானம் ஏற்கப்படவில்லை. தெலுங்கில் எழுதி, தமிழில் படித்தேன். அவர் வந்து தமிழில் கையெழுத்துப் போட்டார். அவருக்குப் பின்னால் மற்ற மெம்பர்கள் போட்டார்கள். அட்டெண்டர் ஆறிப்போன டீயை எல்லாருக்கும் கொடுத்தார்.

மறுநாள் காலனிக்குப் போனேன். அவரும் கூடவே வந்தார். ஒரு வீட்டில் குழாயில் ஆட்டைக் கட்டியிருந்தார்கள். ஒரு வீட்டில் துணி காய்ந்தது. பதினெட்டையும் திறந்து பார்த்தேன். காற்றுகூட வரவில்லை. காலனி மேட்டில் இருந்தது, தொட்டி பள்ளத்தில். இதைக் கண்டுபிடிக்க எந்தப் படிப்பும் தேவையில்லை, ஒருமுறை நடந்து போயிருந்தால் போதும். எனக்கு மெமோ வந்தது. நிரந்தரமாவது ஒரு வருடம் தள்ளிப்போனது. வேலை முடியாத ஊர் என்று கணக்கில் இருந்ததால் தனி மோட்டாரும் தனிக் குழாயும் கேட்டு எழுத முடிந்தது. ஏழு மாதம் கழித்துத் தண்ணீர் வந்தது, பதினைந்து வீட்டுக்கு. மேட்டு ஓரத்து மூன்று வீடுகளுக்காக அவர் அடுத்த சபையிலும் எழுந்தார். அன்று அவர் மூன்று நிமிடம்கூட நிற்கவில்லை. "இன்னும் வரலைக்கா, எனக்கும் தெரியும்" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு அவர் அக்காதான்.

இப்போது திருப்பதியில் பெரிய அலுவலகத்தில் இருக்கிறேன். இங்கே கூட்டம் ஏ.சி. அரங்கத்தில். மெம்பர்கள் கேள்விகளை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பதில்களைத் தயாரிப்பது என் பிரிவின் வேலை. 'பரிசீலனையில் உள்ளது', 'உரிய நடவடிக்கை எடுக்கப்படும்' என்று எதை எங்கே போட வேண்டும் என்பது எனக்கு இப்போது கைவந்த கலை. மெம்பர் எழுந்து கேட்டுவிட்டு உடனே உட்கார்ந்துவிடுகிறார். கூட்டம் சரியான நேரத்துக்கு முடிகிறது.

போன வாரம் காலை ஏழரை மணிக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. இப்போது அவர்தான் அந்த ஊர் சர்பஞ்ச்.

"மேடம், நல்லா கீறியா? துன்னுட்டியா?" என்று ஆரம்பித்தார். நடந்துகொண்டே பேசுகிறார் என்று தெரிந்தது, மூச்சு வாங்கியது. "நேத்து சபைல ஒரு பொண்ணு என்ன பாத்து எழுந்து நின்னுடுச்சி மேடம். நம்ம காலனிக்கி வாழ வந்த பொண்ணுதான். ஸ்கூல்ல பொம்பளப் பசங்க பாத்ரூம ரிப்பேரு பண்ணி முடிச்சாச்சின்னு தீர்மானத்துல எழுதிக்கீது. நீங்க போயி பாத்தீங்களான்னு கேட்டுச்சி."

"பாத்தீங்களாக்கா?"

"எங்க பாத்தேன்? மொதல்ல செக்ரட்டரி சொன்னாருன்னேன். குந்தல. அப்பால ஹெட்மாஸ்டரு கையெழுத்து போட்டுக்கீறாருன்னேன். அதுக்கும் குந்தல. பாக்கலன்னு சொல்றதுக்குள்ள எனக்கு வேர்த்துப் போச்சி மேடம். நிக்கறது சுலபம். எதுருல குந்திக்கினு இருக்கறதுதான் கஷ்டம். அன்னிக்கி எனக்கு இது தெரியாது."

இத்தனை வருடத்தில் அந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. "எழுதினீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"எழுதாம வுடுமா அது? எழுத வெச்சி, படிக்க வெச்சிதான் குந்திச்சி. இப்ப ஸ்கூலுக்குத்தான் போய்க்கினு கீறேன். அந்தப் பொண்ணும் கூட வருது." பிறகு, நலம் விசாரிக்கிற அதே குரலில், "நீ அங்க எல்லாத்தையும் போயி பாத்துட்டுத்தான எழுதற?" என்றார்.

அன்று மதியக் கூட்டத்துக்கான பதில்கள் முந்தின நாளே தயாராகிவிட்டிருந்தன. சாக்கடை, தெருவிளக்கு, ஒரு அங்கன்வாடியின் கூரை. ஒன்பது பதில்கள். எல்லாவற்றின் கீழும் என் கையெழுத்து இருந்தது. அக்கா மறுமுனையில் காத்திருந்தார்.

"இல்லக்கா" என்றேன்.

"அப்ப போயி பாரு மேடம். இங்க ஸ்கூல் வந்துடுச்சி, வெச்சிடறேன்."

கூட்டம் மூன்று மணிக்கு. அப்போது மணி எட்டுகூட ஆகியிருக்கவில்லை. வண்டிச் சாவியைத் தேடினேன்.