பூட்டிய நூலகத்தின் வாசகர்கள்

போன திங்கட்கிழமை ஒரு வயரைக் கழற்றினேன். அவ்வளவுதான் செய்தேன். அதற்குள் ஒரு மனுசியின் ஒரு வருடப் படிப்பு கையைவிட்டுப் போகப் பார்த்தது. இன்னும் எனக்குப் பதற்றம் அடங்கவில்லை.

என் வேலை உங்களுக்குத் தெரியும். இந்த மாகாணத்துப் பாடசாலைகள், கல்லூரிகள், நூலகங்கள் எல்லாவற்றையும் ஒரே கொம்பியூட்டர் நெற்வேர்க்கில் இணைக்கிறோம். அதைப்பற்றி இந்தப் பத்திரிகைப் பத்தியில் எத்தனை தரம் பெருமையாகப் புழுகியிருப்பேன்!

திங்கள் லோங் வீக்கெண்ட் விடுமுறை. மில்லிக்கன் பகுதிக்கு வடக்கே ஒரு சின்ன நூலகம் பூட்டியிருந்தது. பூட்டியிருக்கும் நாள் பார்த்துத்தான் பழைய லைனைக் கழற்றிப் புதியதைப் போடுவோம் — ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லை, பாருங்கள். எத்தனை பேர் இணைப்பில் இருக்கிறார்கள் என்பதைத் திரையில் ஒரு தட்டுத் தட்டினால் பார்க்கலாம். தட்டினேனா? இல்லை. பூட்டின கட்டடத்தில் யார் இருக்கப்போகிறார்கள்?

பகல் இரண்டு மணிக்குக் கழற்றினேன். ஐந்து நிமிடம் ஆகவில்லை... கண்ணாடிக் கதவில் டொக் டொக்.

வெளியே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு தமிழ்ப் பெண். திறந்த லப்ரொப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார்.

"தம்பி, இன்ரநெற் நிண்டுபோச்சு! நான் சோதினை எழுதிக்கொண்டிருக்கிறன்!"

"எங்கையக்கா எழுதுறியள்?"

"காருக்கை."

முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கான ஒரு வருடப் படிப்பாம். கடைசிச் சோதனை, ஒன்லைனில். அவர் குடியிருக்கும் பேஸ்மென்றில் மேல்வீட்டு வைஃபை ஒழுங்காக வராது. அதனால் நூலகம் பூட்டியிருக்கும் நாட்களில் சுவரோரம் காரை விட்டு, உள்ளேயிருந்து வரும் வைஃபையில் படித்திருக்கிறார்.

அவருக்குப் பின்னால் பார்த்தேன். பார்க்கிங் லொட்டில் ஏழு கார்கள். எல்லாவற்றிலிருந்தும் ஆட்கள் இறங்கி, போனை உயர்த்திப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்! அந்தக் கார்களுக்கு நடுவில்தான் என் வான் வண்டியையும் விட்டிருந்தேன். பக்கத்துப் பிளாசாவுக்குச் சாமான் வாங்க வந்தவர்கள் என்று நினைத்திருந்தேன்.

ஓடிப்போய் என் போனின் ஹொட்ஸ்பொட்டைப் போட்டுக் கொடுத்தேன். கல்லூரியின் பக்கம் வந்தது, சோதனை வரவில்லை. ஒருதரம் வெளியேறினால் முடிந்ததாம்.

"அப்ப... இனி ஒரு வருசமோ?" என்று மட்டும் கேட்டார். என்னை ஏசவில்லை. நாலு ஏச்சு ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நின்ற நிலையிலேயே கல்லூரிக்கு மின்னஞ்சல் எழுதினேன். இணைப்பைத் துண்டித்தது நான், பிழை என்னுடையது. அலுவலக அறிக்கையிலும் அப்படியே எழுதினேன். அதைப் பார்த்து மனேஜர் எனக்குப் போன் எடுத்தார்.

"கட்டடம் பூட்டித்தானே இருந்தது?"

பூட்டித்தான் இருந்தது. அதனால்தானே அவர்கள் வெளியே இருந்தார்கள்! மாகாணம் முழுக்க வயர் இழுக்கிற எங்களுக்கு, அதன் மற்ற நுனியில் யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லையே... வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை அந்த அக்கா போன் எடுத்தார். கல்லூரி மனமிரங்கிவிட்டது.

"திரும்ப எழுதட்டாம் தம்பி. வாற ஞாயிறு. அதே இடத்திலை, காருக்கைதான்..."

கொஞ்சம் தயங்கினார்.

"அண்டைக்கு உங்களுக்கு வேலை இல்லைத்தானே?"