மஞ்சள் பாய்ந்த கடலைக் கொல்லை

கங்கையம்மாளுக்குப் பேய் பிசாசு பயமில்லை, பாம்பு பயமில்லை. புருஷன் செத்த பிறகு வண்டலூர்ப் பக்கத்து ஒன்றரை ஏக்கரைத் தனியாளாக விதைத்து, களை வெட்டி, காவல் காத்தவள். அவளுக்கு இருந்த பயமெல்லாம் ஒன்றே ஒன்றுதான், அந்தக் கொல்லை கைவிட்டுப் போய்விடுமோ என்பது.

சுற்றுவட்டாரமே மனை போட்டு விற்றாகிவிட்டது. மைத்துனன் சிவகுமாருக்குத் தொழிலே அதுதான். "இந்தத் தடவ மல்லாட்ட நல்லா வரலன்னா கொல்லைய விக்கறதுக்கு கையெழுத்து போட்டுடணும் அண்ணி" என்று அவன் நச்சரித்தபோது, வீம்புக்கு "சரி போ" என்றுவிட்டாள். வாய் சும்மா இருந்தால்தானே!

அந்த வருஷம் பார்த்து மழைத் தண்ணீர் வடியவே இல்லை. மார்கழியில் போட வேண்டிய கடலை விதையைத் தை கடைசியில்தான் போட முடிந்தது. பூ எடுக்கிற நேரத்தில் வெயில் வந்து உட்கார்ந்துகொண்டது. தழையெல்லாம் மஞ்சளாகிப் போனது. வேளாண்மை அலுவலர் மாளவிகா வந்து பார்த்தாள்.

"இரும்பு, துத்தநாகச் சத்துக் குறைவும்மா. அன்னபேதி உப்பும் துத்தநாக உப்பும் தண்ணியில கரைச்சு இலை மேல அடிங்க. கொஞ்ச நாள்ல பச்சை திரும்பிடும்."

கங்கையம்மாளின் ஸ்பிரேயர் ரிப்பேர். சிவகுமார் வீட்டுக் கொட்டகையில் கிடந்ததை எடுத்து வந்து, ஒரு குடம் தண்ணீரில் அலசிவிட்டு, சாயங்காலம் கொல்லை முழுக்க அடித்து முடித்தாள். திருப்பிக் கொடுக்கப் போனபோது அவன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"ஐயையோ அண்ணி, மனையில புல்லு சாவறதுக்கு மருந்து அடிக்கிற டேங்க் இது! கழுவுனியா?"

"அலசுனேன்பா..."

"அலசுனா போவுமா அது?"

விடிந்ததும் ஓடிப் பார்த்தாள். இலை ஓரமெல்லாம் தீய்ந்திருந்தது. மாளவிகாவுக்குப் போன் போட்டு டேங்க் விஷயத்தைச் சொன்னாள்.

"உப்பு தூக்கலா இருந்தாலும் ஓரம் கருகும்மா. குருத்தைப் பாருங்க. புல்லு மருந்துன்னா குருத்தே வெளுத்துச் செத்துடும். ஆனா அது தெரிய ஒரு வாரம் ஆகும், பொறுங்க."

ஒரு வாரமா! சோறு இறங்கவில்லை. குருத்தைப் பார்க்கக் கிளம்புவாள், வரப்பு வரை போய்த் திரும்பிவிடுவாள். தன் கையாலேயே கொன்றுவிட்டோமே, மேலே போய்ப் புருஷன் முகத்தில் எப்படி முழிப்பது? செத்துக் கிடக்கிற கொல்லையைச் சிவகுமார் வந்து பார்த்துச் சிரிப்பதை நினைத்தாலே உடம்பு கூசியது. அதற்கு முன்னால் தானே போய்க் கையெழுத்தைப் போட்டுவிட்டால் அந்த அவமானத்திலிருந்தாவது தப்பிக்கலாம் என்று தோன்றிவிட்டது பாவிக்கு.

நேராக அவன் வீட்டுக்குப் போய், "எங்க போடணும், சொல்லு" என்றாள்.

"இன்னா அண்ணி அவசரம்? அறுவட ஆவட்டுமே" என்று அவனே திகைத்தான்.

"போடறேன்னா போடறேன். இன்னும் பயந்துகினு கெடக்க என்னால முடியாதுப்பா."

போட்டாள். அன்றைக்குத்தான் அடித்துப் போட்டாற்போலத் தூங்கினாள்.

சில நாள் கழித்து மாளவிகா போன் செய்தாள். "உங்க கொல்லையிலதான் நிக்கிறேன். சீக்கிரம் வாங்கம்மா!"

போனாள். கருகின இலைகளுக்கு மேலே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், குருத்து பச்சைப்பசேலென்று விட்டிருந்தது. ஒன்றுகூடச் சாகவில்லை.

"நான் சொன்னேன்ல? அடுத்த வருஷம் மார்கழியிலேயே விதைச்சிடுங்க, இதைவிட நல்லா வரும்" என்று சிரித்தாள் மாளவிகா.

"சரிம்மா" என்றாள் கங்கையம்மாள்.