புளிக் கிட்டங்கிக்கு நுரை அடிச்ச கதை

வெயில்ல காஞ்சுக்கிட்டே அடுத்தவனுக்குக் குளிர்ச்சி விக்கிற பொழப்பு எங்களோடது. மதுரையில மாடி வீட்டுல குடியிருந்து, சித்திரை மாசத்துல ஃபேன் கக்குற அனலுக்குக் கீழ படுத்துப் புரண்டவங்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்ல. நீங்களும் நானும் ஒரே சட்டியில வறுபட்டவங்கதான்.

எண்பதுகள்ல, கட்டடத்துக்குள்ள சூடு இறங்காம இருக்க நுரை அடிக்கிற ஒரு மெஷினை லாரியில ஏத்திக்கிட்டு இந்தப் பக்கமெல்லாம் நான் சுத்திக்கிட்டிருந்தேன். ரெண்டு டிரம்முல ரெண்டு திரவம். ரெண்டும் துப்பாக்கி முனையில ஒண்ணு சேர்ந்து சுவர்ல விழும். விழுந்ததும் பொங்கும், பொங்கினது கட்டையா இறுகிப் போகும். ஃப்ரிட்ஜ் கதவுக்குள்ள இருக்கிற அதே சாமான்தான். துப்பாக்கி பிடிக்கிறது என் கூட்டாளி ஜெயராஜ். வேலை பிடிக்கிறதும் திட்டு வாங்குறதும் நான்.

கோச்சடையில கூழ் வத்தல்

கோச்சடையில ஒரு டீச்சர் வீட்டு மொட்டை மாடிக்கு நுரை அடிக்கப் போனோம். ஆத்துப் பக்கமிருந்து காத்து கிளம்பிருச்சு. "மாப்ள, காத்து சரியில்ல, நாளைக்கு அடிப்போம்"னான் ஜெயராஜ். டீச்சர் கேக்கல. நாளைக்குப் பரீட்சை டியூட்டி, இன்னைக்கே முடிச்சாகணும்னு ஒரே பிடி. சரின்னு அடிச்சோம்.

துப்பாக்கியில இருந்து வர்ற சாரல் கண்ணுக்குத் தெரியாது. ஆனா எதுல பட்டாலும் விடாது. பக்கத்து மாடியில வேட்டியை விரிச்சு கூழ் வத்தல் காயப் போட்டிருந்திருக்காங்க. அந்த வீட்டுக்காரர், ரிட்டயர்டு தலைமை குமாஸ்தா, சாயங்காலம் அள்ள வந்து ஒரு வத்தலைப் பிடிச்சுத் தூக்கினா முழு வேட்டியும் கூடவே எந்திரிச்சு வருது. ஒவ்வொரு வத்தல் மேலயும் மஞ்சளா ஒரு பொரிப்பு. வேட்டியை அப்படியே பிடிச்சுக்கிட்டு எங்களைப் பார்த்து அவர் கத்தினதை இன்னைக்கும் ஜெயராஜ் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்: "ஏய்யா, எண்ணெய்ச் சட்டியையே காட்டல, அதுக்குள்ள பொரிஞ்சு நிக்குதேய்யா!"

பாய் வச்ச பரீட்சை

அந்த வத்தல் கதையைக் கேட்டுட்டுத்தான் இஸ்மாயில் பாய் என்னைத் தேடி வந்தாரு. "எதுல பட்டாலும் விடாத சாமான் வச்சிருக்கிற ஆளு நீங்கதானா?"ன்னு கேட்டுக்கிட்டே என் கடைக்குள்ள நுழைஞ்சாரு. டவுனுக்குள்ள புளி மண்டி வச்சிருந்தவரு. பேரையூர்ப் பக்கம் வெள்ளாமை பண்ற சம்சாரிங்க பங்குனியில உலுக்கின புளியை இவர் கிட்டங்கியில, அதான் குடோன்ல, கொண்டு வந்து போட்டுட்டுப் போவாங்க. விலை ஏறுற ஐப்பசியில இவர் வித்துக் குடுப்பாரு. அவருக்கும் அங்க சொந்தத்துல கொஞ்சம் புளிய மரம் உண்டு.

போன வருசம் கிட்டங்கிச் சூட்டுலயும் புழுக்கத்துலயும் எல்லாருடைய புளியும் கருத்துப் போச்சாம். கருத்த புளியை எவன் வாங்குவான்? "அம்புட்டுப் பேருல ஒருத்தரும் என்னை ஒரு வார்த்தை கேக்கல தம்பி. இந்த வருசமும் எனக்கே தர்றேங்கிறாங்க. அதுதான் பயமா இருக்கு. மறுபடியும் கருத்துச்சுன்னா அந்தப் பக்கம் நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறது?"ன்னாரு. அதனால பேரையூர்ப் பாதையிலயே புதுசா ஒரு குளிர் கிட்டங்கி கட்டுறாரு. சுவருக்கு நுரையா, தெர்மோகோலா? அதுதான் கேள்வி.

அந்தக் காலத்துல நம்மாளுகளுக்குத் தெர்மோகோலுன்னா கல்யாண மேடையில மாப்பிள்ளை பொண்ணு பேரை வெட்டி ஒட்டுற சமாச்சாரம். நுரைன்னா மெத்தை. நான் பாய்கிட்ட ஒரு டம்ளர்ல ஐஸ் தண்ணியை ஊத்தி வச்சேன். வெளியே முத்து முத்தா வேர்த்துச்சு. "உள்ள குளிரு, வெளியே புழுக்கம். நம்ம ஊர் ஈரக் காத்து இடுக்கு கிடைச்சா உள்ளே நுழைஞ்சு இப்படித்தான் தண்ணியாயிரும் பாய். தெர்மோகோலு நல்ல சாமான்தான். ஆனா பலகை பலகையா ஒட்டணும், ஒவ்வொரு இடுக்கையும் அடைக்கணும். நுரைக்கு இடுக்கே கிடையாது"ன்னேன்.

பாய் என் பேச்சை நம்பல. மெத்தை நுரையில ஒரு துண்டு, தெர்மோகோல்ல ஒரு துண்டு, எங்க நுரையில ஒரு துண்டு வாங்கிட்டுப் போயி, தொட்டியில கல்லை வச்சு அமுக்கி ஊறப் போட்டிருக்காரு. திரும்பி வந்து என் மேசை மேலயே மூணையும் கத்தியால வெட்டி, புளியை அமுக்கிப் பார்க்கிற மாதிரியே கையில வச்சு அமுக்கினாரு. மெத்தை நுரை மேசையையே நனைச்சுருச்சு. தெர்மோகோலு மணிகளுக்கு நடுவுல லேசா ஈரம். எங்க துண்டு உள்ளே வறண்டு கிடந்துச்சு. பாய் அதை மோந்து பார்த்துட்டுச் சொன்னாரு: "இது நோன்பு வச்ச சாமான் தம்பி. பொட்டுத் தண்ணி உள்ளே இறக்கல. இதையே அடிச்சிருங்க."

விருந்தாளிக்கு வெள்ளையடிச்ச சுவர்

நான் போயி அளவெடுத்தப்போ சுவர் நல்லா காஞ்ச சிமெண்டுப் பூச்சா இருந்துச்சு. மெஷினோட போயி இறங்கினா, கிட்டங்கி உள்ளே பளபளன்னு வெள்ளை வெளேர்னு நிக்குது. "என்ன பாய் இது?" பாய்க்கு முகமெல்லாம் சிரிப்பு. "டவுன்ல இருந்து மெஷினெல்லாம் வருது, சுவர் அழுக்கா இருந்தா நல்லா இருக்குமா? நேத்துதான் ஆள் விட்டு ரெண்டு கோட்டு சுண்ணாம்பு அடிச்சேன்"ன்னாரு.

நுரை எதுல பட்டாலும் விடாதுன்னு சொன்னேன்ல? சுண்ணாம்பையும் விடாது. ஆனா சுண்ணாம்பு சுவரை விட்டுரும். ஜெயராஜ் ஒரு ஓரத்துல ஒரு அடி அகலத்துக்கு அடிச்சு, இறுகினதும் விரலை விட்டு இழுத்தான். தோசை மாதிரி அப்படியே கழண்டு வந்துச்சு. பின்னாடி வெள்ளையா சுண்ணாம்பு. பாய் முகத்துல ரத்தமே இல்ல. ஏன்னா வெளியே சம்சாரிங்க வண்டி வண்டியா புளி மூட்டையை இறக்கிக்கிட்டிருக்காங்க, தெக்குப் பக்கம் மேகம் வேற கருக்கலா ஏறுது. கோடை மழை சொல்லிட்டா வரும்?

கம்பிப் பிரஷ்ஷு, கரண்டி, அரிவாள் முதுகுன்னு கையில கிடைச்சதையெல்லாம் எடுத்துக்கிட்டு மூட்டை இறக்க வந்த சம்சாரிங்களே சுரண்ட இறங்கிட்டாங்க. அதுல வீரணன்னு ஒருத்தர், வாட்டசாட்டமான ஆளு, ஒரு பக்கச் சுவரையே ஒத்தையா சுரண்டினாரு. தலை, மீசை, புருவம் எல்லாம் சுண்ணாம்பு. வேட்டியை உதறிக்கிட்டு பாயைப் பார்த்து அவர் கேட்டாரு: "ஏன் பாய், புளி மூட்டை குடிவர்றதுக்கு நீங்க வீட்டுக்குப் பொண்ணு வர்ற மாதிரி வெள்ளையடிச்சீங்களாக்கும்?"

வாளியில பொங்கின சாமான்

சுவர் சுத்தமாகி ஜெயராஜ் அடிக்க ஆரம்பிச்சப்போ இடி தூரத்துல கேக்குது. ஒரு கோட்டு அடிச்சு, அது ஆறினப்புறம்தான் அடுத்த கோட்டு. ஒரேயடியா கனமா அடிச்சா உள்ளே சூடேறி வெந்துரும். வெளியே நிக்கிறவங்களுக்கு இது புரியுமா? "அண்ணே, மொத்தமா அப்பி விடுங்கண்ணே! மழை வந்துருச்சுன்னா எங்க வருசமே போச்சு!"ன்னு வாசல்ல இருந்து கூப்பாடு. ஜெயராஜ் முகமூடிக்குள்ள இருந்து கையை மட்டும் ஆட்டினான். நான் வாசல்ல குறுக்கே நின்னு ஒருத்தரையும் உள்ளே விடல. அந்தப் புகைச்சலை மூக்குல இழுத்தா மூச்சே பிடிச்சுக்கும்.

வடகிழக்கு மூலை ஒண்ணுதான் பாக்கி. டிரம்முகளோட அடியில அதுக்குத் தேவையானது சரியா இருந்துச்சு. ஜெயராஜ் அடைச்சுக்கிட்ட துப்பாக்கியைக் கழுவப் போனான், நான் அவனுக்குக் குடிக்கத் தண்ணி கொண்டு போனேன். அந்த நேரம் பார்த்து வீரணன் லாரியில ஏறிட்டாரு. காலையில இருந்து பார்த்துக்கிட்டிருக்காரு, ரெண்டும் சேர்ந்தா பொங்குது. கலவை கலக்கி கரண்டியால பூசினா மூலை முடிஞ்சதுன்னு கணக்கு. ஒத்தாசை பண்ணணும்கிற எண்ணம்தான், வேற ஒண்ணுமில்ல. ரெண்டு டிரம்மையும் சாய்ச்சு ஒரு பெரிய வாளியில ஊத்திட்டாரு.

வாளி பொங்குச்சு. விளிம்பைத் தாண்டி, காளான் மாதிரி குடையை விரிச்சு, வீரணன் இடுப்பு உயரத்துக்கு வந்துருச்சு. அதோட நிக்கல, நுரையோட நடுப்பாகம் சூட்டுல வெந்து கருகி, புகை கிளம்புது. ஜெயராஜ் ஓடி வந்து வாளியை எத்தி லாரியை விட்டுக் கீழே தள்ளினான். மூட்டைங்க பக்கம் உருண்டிருந்தா அவ்வளவுதான். எல்லாரும் பத்தடி தள்ளி நிக்கிறோம். வீரணன் அந்தப் பொங்கினதையே பார்த்துக்கிட்டுச் சொன்னாரு: "சாமி சத்தியமா நான் பத்த வைக்கலண்ணே, அதுவா புகையுது."

பாக்கி நின்ன மூலை

மழை வந்துருச்சு. மூட்டைங்க மேல தார்ப்பாயைப் போட்டு, ஓரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுக்கிட்டு நனைஞ்சோம். அன்னைக்குப் பிழைச்சது தார்ப்பாய் புண்ணியம். ஆனா மூலைக்கு நுரை இல்ல. புது டிரம்மு பம்பாயில இருந்து வரணும். அது வர்ற வரைக்கும் மூட்டைங்க வெளியே கிடந்தா இன்னொரு மழை தாங்காது. வேற வழியே இல்லாம டவுனுக்குப் போயி தெர்மோகோல் பலகை வாங்கிட்டு வந்து, தார் பூசி, அந்த மூலையில ஒட்டினோம். மழையில அந்தச் சுவர் ஓதம் ஏறிக் கிடந்துச்சு. காய விட நாள் ஏது? தார் பிடிச்சும் பிடிக்காமலும் நின்னுச்சு. இடுக்கை அடைச்சோம், திரும்ப அடைச்சோம், எனக்கு மனசு ஒப்பல.

பாய் என் பக்கத்துல வந்து மெதுவா கேட்டாரு, இந்த மூலை தாங்குமான்னு. பொய் சொல்ல வாய் வரல. "மத்த சுவருக்கெல்லாம் நான் பொறுப்பு பாய். இது ஒட்டு. தாங்கலாம், தாங்காமலும் போகலாம்"ன்னேன். கொஞ்ச தூரத்துல வீரணன் காதைத் தீட்டிக்கிட்டு நின்னது எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சது. உள்ளே வாடை போனதும் மூட்டையை அடுக்கணும். கூட இருந்து எப்படி அடுக்கணும்னு சொல்றேன்னேன். பாய் என் தோள்ல கையைப் போட்டு லாரி வரைக்கும் கூட்டிட்டு வந்துட்டாரு: "நீங்க கிளம்புங்க தம்பி. அடுக்குறதை நான் பார்த்துக்கிறேன்."

கதவு திறந்த அன்னைக்கு

ஐப்பசியில பாய் ஆள் அனுப்பினாரு. நானும் ஜெயராஜும் போனோம். கிட்டங்கியை ஒரு சுத்து சுத்தி வந்தா, வடகிழக்கு மூலையில வெளிச் சுவர் வேர்த்து வழியுது. பாசி பிடிச்சு பச்சையா கிடக்கு. வீரணன் அந்த மூலைக்கு எதிரேயே குத்த வச்சு உக்காந்திருந்தாரு. "ஆறு மாசமா சோறு இறங்கல அண்ணே. எவன் மூட்டை அந்த மூலையில கிடக்கோ அவன் பொண்டாட்டி பிள்ளை பாவம் என் தலையிலதான்"ன்னாரு. நானும் அந்தப் பயத்தோடதானே வந்திருக்கேன்.

கதவைத் திறந்தாங்க. குளிர் முகத்துல அடிச்சது. ஒவ்வொரு மூட்டையா வெளியே வருது. பாய் தையலைப் பிரிச்சு, கையை விட்டு, அமுக்கி, வெளிச்சத்துல காட்டுறாரு. சிவப்பு. அடுத்தது, சிவப்பு. உலுக்கின அன்னைக்கு இருந்த நிறம் அப்படியே இருக்கு. சம்சாரிங்க சிரிக்கிறாங்க, ஜெயராஜ் என் முதுகுல ஓங்கி ஒரு போடு போட்டான். வீரணன் மூட்டையும் வந்துச்சு, அதுவும் சிவப்பு. அவர் சிரிக்கல. கண்ணு கிட்டங்கிக்கு உள்ளேயே இருக்கு. கடைசியா மூலை மூட்டைங்க வந்துச்சு. சாக்கே ஈரம். பிரிச்சா தார் மாதிரி கருப்பு.

ஒவ்வொருத்தரும் தன் சாக்குல ஒரு அடையாளம் போட்டிருப்பாங்க. வீரணன் ஓடிப்போயி குனிஞ்சு பார்த்தாரு. ஒண்ணு விடாம எல்லாச் சாக்குலயும் பச்சைப் பிறை. பாயோட சொந்தத் தோப்புப் புளி. அப்பதான் எனக்கு உறைச்சது, என்னை ஏன் அன்னைக்கு லாரி ஏத்தி அனுப்பினாருன்னு. வீரணன் பொத்துன்னு மண்ணுல உக்காந்து வாயைப் பொத்திக்கிட்டு அழுதாரு. பெரிய மனுசன், தேம்பித் தேம்பி அழுறாரு. பாய் கருப்புப் புளியில ஒரு உருண்டையைக் கிள்ளி வாயில போட்டு, சப்புக் கொட்டிட்டு, அவர் தோளைத் தட்டினாரு: "எந்திரி வீரணா. பழம்புளி ரசத்துக்கு எங்க வீட்டுல எல்லாரும் உசிரை விடுவாங்க. இந்த வருசம் வாளியில வச்சே குடிக்கட்டும்."

நுரையா தெர்மோகோலான்னு இன்னைக்கும் யாராவது கேட்டா நான் நுரைன்னுதான் சொல்வேன், ஆனா ஒட்டுப் போட்ட மூலையில யாரு தன் மூட்டையை அடுக்கப் போறாங்கன்னு கேட்டுட்டுத்தான் மெஷினையே இறக்குவேன்.