ஜெபத்தில் அவள் முறை

என் மகள் முதல் வகுப்புக்குப் போன புதிதில் அவளைப் பற்றி நான் அடித்த தம்பட்டம் கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் வீட்டில் தினமும் குடும்ப ஜெபம் உண்டு. பைபிளில் ஆளுக்கொரு வசனம் வாசிப்போம். அவள் முறை வந்ததும் பக்கத்தின்மேல் விரலை ஓட்டியபடி தனக்குப் பிடித்த ஒரு வசனத்தைத் தங்குதடையில்லாமல் வாசிப்பாள். என் பெண்ணுக்கு வாசிப்பு தண்ணீர்பட்ட பாடு என்று சர்ச்சில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

ஒருநாள் மின்விசிறிக் காற்றில் பக்கம் புரண்டுவிட்டது. அவள் கவனிக்கவில்லை. விரல் வேறு பக்கத்தில் ஓட, வாயில் அதே பழைய வசனம் வந்தது. அத்தனையும் காதால் கேட்டு மனப்பாடம் செய்தது! எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. வாயைத் திறக்கப் போனேன். என் கணவர் கண்ணாலேயே அடக்கினார்.

அவள் கை கழுவப் போனதும் பொரிந்து தள்ளினேன். நாளைக்கே டியூஷனில் சேர்க்க வேண்டும் என்றேன்.

"அவ ஏமாத்தலம்மா. நம்மகூட உக்காந்து படிக்கணும்னு ஆசை. இப்ப வெக்கப்பட வச்சிட்டா அப்புறம் புத்தகத்தையே தொட மாட்டா" என்றார். மனப்பாடமாகத் தெரிந்ததை வைத்தே எழுத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

தினமும் லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே சென்னைக்குப் போய்த் திரும்புகிற மனுஷன். வந்து முகம் கழுவியதும் அவளை மடியில் வைத்துக்கொள்வார். அவளுக்குத் தெரிந்த அந்த வசனத்தையே, அது இருக்கும் பக்கத்தில் விரலை ஓட்டியபடி சொல்லச் சொல்வார். வசனம் முடியும்போது விரல் பாதி வரியில் நிற்கும்.

"நைனா, இன்னும் மிச்சம் கீதே" என்பாள்.

அவளே முதலிலிருந்து வருவாள், இந்த முறை சொல்லுக்குச் சொல் விரலை நிறுத்தி. பிறகு அதே எழுத்துகளை வேறு வரிகளில் தேடுவது விளையாட்டானது. கணக்கும் அங்கேயேதான். பாட்டுப் புத்தகத்தில் நூற்றிருபதாம் பாட்டு வேண்டும் என்பார். அவள் திறந்தால் நூற்றைம்பது வரும். முன்னே போவதா பின்னே போவதா என்று அவளே யோசிக்க வேண்டும். தப்பான பக்கம் புரட்டும்போது எனக்குக் கை பரபரக்கும். அவரோ எங்கள் ஊர் மலைக்கோயில் ஒலிபெருக்கிப் பாட்டைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். அந்தப் பொறுமையை எங்கிருந்துதான் வாங்கி வந்தாரோ.

சில மாதம் கழித்து எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். கூடம் நிறைய ஆட்கள். என் தம்பட்டத்தைக் கேட்டிருந்த தூரத்து அத்தை ஒருவர், தானே ஒரு பக்கத்தைத் திறந்து அவளிடம் நீட்டி வாசிக்கச் சொன்னார். அவள் பார்த்தேயிராத பக்கம். பழைய வசனத்தை ஒப்பித்துவிட்டால் அத்தனை பேர் முன்னாலும் குட்டு உடைந்துவிடும். அதற்குப்பின் அவள் புத்தகத்தின் பக்கமே போக மாட்டாள். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

"இது எனக்கு மனப்பாடமாத் தெரியாதுங்க. எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். லேட்டாவும், பரவால்லையா?" என்று அத்தையிடம் கேட்டாள்.

"ஆங், படி கண்ணு" என்றார் அத்தை.

நீளமான வசனம். நடுவில் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டாள். நான் எடுத்துக் கொடுக்க வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். அவள் வரியின் ஆரம்பத்துக்குப் போய்த் திரும்ப வந்து அந்தச் சொல்லைத் தாண்டினாள். முடித்ததும் கூடமே ஆமென் என்றது. நான் மட்டும் ஆமென் சொல்ல மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.