குமுதாவின் ஹார்ன் சத்தம்

சனிக்கிழமை காலையில் அந்த அடுக்குமாடியே குமுதாவைத் திட்டிக்கொண்டுதான் கண் விழிக்கும். குப்பைத்தொட்டி ஓரமாக வேனை நிறுத்தி ஹார்னில் கையை வைத்தால், கடைசிப் பிள்ளை இறங்கி வரும்வரை எடுக்க மாட்டாள்.

"செத்தவனும் எழுந்திரிச்சிருவான் லா!" என்று மூன்றாம் மாடியிலிருந்து சேதுவின் அப்பா கத்துவார்.

"செத்தவன் எழ வேணாம்ணே. உங்க மகன் எழுந்தா போதும்."

வார நாள்களிலும் சனிக்கிழமை விடியற்காலையிலும் அந்த வேன் கையுறைத் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும். சனி, ஞாயிறு காலைகளில் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதப்போகும் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு, செம்பனை மரங்களுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் பழைய செம்பாக்கா தோட்டத்துக் கோயில் மண்டபத்துக்குப் போகும். அங்கே பல்கலைக்கழக மாணவி நித்தியா கணக்குச் சொல்லித்தருவாள். குமுதாவுக்குக் கணக்கு வராது. அவள் பிள்ளைகள் சாப்பிட மீகூன் பிரட்டுவாள், தூங்குகிறவனை உலுக்குவாள், வராதவன் வீட்டுக் கதவைத் தட்டுவாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான். அதை அவள் எரிச்சலோடு செய்தாள், ஒரு வாரமும் விடாமல் செய்தாள்.

அந்த எரிச்சல் பழையது. அவள் பதினைந்து வயதில் மூன்றாம் படிவத்தில் இருந்தபோது, அவள் வளர்ந்த அந்தத் தோட்டம் கைமாறியது. பிள்ளைகளைப் பட்டணத்துப் பள்ளிக்கு ஏற்றிப்போன லோரி வராமல் நின்றது. நீலப் பினபோர் சீருடை போட்டுக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு, ஒரு வாரம் முழுக்கச் சாலையோரம் நின்றாள். இரண்டாவது வாரம் அப்பா, "சரி, கன்னு நர்சரி வேலைக்கு வந்துரு" என்றார். போனாள். வகுப்பில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. வாத்தியார் வந்து கேட்கவில்லை. வேலை வாங்கும் மண்டோரோ ஆபீஸ் கிராணியோ, ஒரு நாய்கூட, குமுதா எங்கே என்று கேட்கவில்லை. லோரி வராமல் போனதைக்கூட அவள் மன்னித்திருப்பாள். கேட்காமல் விட்டதை மன்னிக்கவே இல்லை.

இந்த வருடம் கணக்குத் தாள் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அதற்கு முந்திய சனி, ஞாயிறுதான் கடைசி வகுப்புகள். அந்த வாரம் பார்த்துக் கோயில் தலைவர் திருச்செல்வம் போன் செய்தார்.

"குமுதா, சனிக்கிழமை மண்டபத்துல பிள்ளைங்களுக்கு ஊக்கம் கொடுக்குற தன்முனைப்பு முகாம். டத்தோ செலவு. அவரு சம்சாரம் டத்தினும் வர்றாங்க. கிள்ளான்லேர்ந்து பெரிய பேச்சாளர் சத்தியசீலன். பிள்ளைங்கள ஏத்திட்டு வந்துரு."

"செவ்வாய்க்கிழமை கணக்கு பேப்பர் தலைவரே. இப்போ போய் என்ன முகாம்?"

"கணக்கு ஒரு நாள் லேட்டாப் படிக்கலாம். மனசுதான் முக்கியம்."

"விஷாலினிக்கு கணக்குல மட்டும்தான் இழுக்குது. அது தேறிட்டா மெட்ரிகுலேசி கெடைச்சிரும், அதுலேர்ந்து யுனிவர்சிட்டிக்குப் போயிரலாம். அவளுக்கு வேற வழியில்ல தலைவரே."

"பிள்ளைங்க வரலன்னா மண்டபத்துச் சாவிய நீ வச்சிருக்க முடியாது. அவ்வளவுதான்."

குமுதா போனை வேனுக்குள் வீசினாள். பிறகு தேடி எடுத்து நித்தியாவிடம் சொன்னாள். சனி போனாலும் ஞாயிறு இருக்கிறது என்றாள் நித்தியா. அந்த ஞாயிற்றுக்காகத்தான் குமுதா பல்லைக் கடித்துக்கொண்டு பிள்ளைகளை ஏற்றிப்போனாள்.

முகாமில் முதலில் மாலைகள் விழுந்தன, பிறகு பேச்சுகள். அதன் பிறகு விளக்கை அணைத்தார்கள். சன்னல்களில் கறுப்புத்துணி தொங்கியது. புல்லாங்குழலை ஓடவிட்டு, சத்தியசீலன் மைக்கில் தழுதழுத்தார்.

"கண்ண மூடுங்க. வீட்டுக்குப் போறீங்க. வாசல்ல கூட்டம். உள்ள போய்ப் பாத்தா அம்மா படுத்திருக்காங்க. இனிமே எந்திரிக்கவே மாட்டாங்க. நீங்க நல்லாப் படிச்சிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா?"

பிள்ளைகள் தேம்பினார்கள். முன்வரிசை பரவசமாகத் தலையாட்டியது. மீகூன் சட்டியருகே நின்ற குமுதா கரண்டியைச் சட்டிக்குள் எறிந்தாள். யாருடைய வீட்டுப் பிணத்தை யார் தூக்கிவந்து இங்கே கிடத்துகிறார்கள்?

அடுத்து பாத பூஜை. அம்மாக்கள் வரிசையாக நாற்காலியில் உட்கார, பிள்ளைகள் பேசினில் தண்ணீர் வைத்து அவர்கள் கால்களைக் கழுவினார்கள். சேதுவின் அம்மா கலாவதி வெடித்த குதிகாலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். சேது அதை மெல்ல வெளியே எடுத்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த ஒரு கணம் குமுதாவுக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அந்தக் கோபம் திரும்பி வர வெகுநேரம் ஆகவில்லை.

"யாரோட அம்மா வரல? எந்திரி" என்றார் சத்தியசீலன்.

விஷாலினி எழுந்தாள்.

"ஏன்மா வரல? உன்னவிட வேல பெருசாப் போச்சா? பரவால்ல. டத்தினை அம்மாவா நெனச்சிக்க. கழுவு."

டத்தின் சங்கடத்தோடு செருப்பைக் கழற்றினார். விஷாலினி குனிந்து தண்ணீர் ஊற்றினாள். அழவில்லை.

"அழும்மா. மனசுவிட்டு அழு. இந்தப் பிள்ளை கண்ணுல மட்டும் தண்ணி வரல பாருங்க. கல்லு மனசு!"

குமுதா நடந்துபோய் எல்லாச் சுவிட்சையும் தட்டினாள். மண்டபம் கண் கூசியது.

"யாருக்குய்யா கல்லு மனசு? அவ ஆத்தா ஏன் வரலன்னு தெரியுமா உனக்கு? வேலம்மா இப்போ ஃபேக்டரில தண்டாஸ் கக்கூஸ் கழுவிக்கிட்டு இருக்கா! ஒரு நாள் வரலன்னா வேற ஆளப் போட்டுருவான். கழுவணும்னா போய் அவ காலக் கழுவு, போ!"

அப்போதுதான் விஷாலினி அழுதாள். பேசினை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினாள்.

"பாத்தியா, பிள்ளைய என்ன பண்ணிட்ட!" என்று குமுதா பேச்சாளரைப் பார்த்துக் கத்தினாள்.

திருச்செல்வம் கையை நீட்டினார். "சாவி."

அவள் சாவியை அந்தப் பேசினுக்குள்ளேயே போட்டாள்.

மறுநாள் காலை வழக்கமான இடத்தில் வேனை நிறுத்தி ஹார்னை அழுத்தினாள். நித்தியா கணக்கு எழுதிய பெரிய மாஜோங் பேப்பர்ச் சுருளோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எங்கே போவதென்று இருவருக்கும் தெரியாது. முதலில் வந்தது பிள்ளை இல்லை, வேலம்மா. கொண்டைகூடப் போடாமல் வந்தாள்.

"எறங்குங்க கீழ."

குமுதா இறங்கினாள்.

"நான் பேக்கிங்குல வேலன்னுதானே எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்? உங்க வேன்ல வர்றவளுங்ககிட்டகூட ஸ்டோருன்னுதானே சொல்றேன்? என்னைப் பின்வாசல்ல எறக்கிவிடுறது நீங்க ஒருத்திதான். உங்களுக்கு மட்டும்தான் தெரியும். மைக்கே இல்லாம ஊருக்கே சொல்லிட்டீங்களே!"

"நான் அந்த ஆளத்தான்..."

"அந்த ஆளு என்னைச் சாகடிச்சான். அது பொய்யின்னு எல்லாருக்கும் தெரியும். நீங்க சொன்னது நெசம். எம்மக நேத்துலேர்ந்து சாப்பிடல. அவளுக்கே தெரியாதுக்கா."

நேற்று மண்டபத்தில் அந்தப் பிள்ளையை அழவைத்தது யார் என்பது குமுதாவுக்கு இப்போதுதான் உறைத்தது.

"தப்புதான் வேலம்மா" என்றாள். சத்தமே வரவில்லை.

"எங்கிட்ட பேசாதீங்க. நாளைக்கும் உங்க வேன்லதான் வருவேன், வேற வேன் இல்ல. ஆனா பேசாதீங்க." வேலம்மா படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். "ஏய், வாடி! கணக்கு உன்ன என்ன பண்ணுச்சு? எறங்கி வா!"

விஷாலினி பையோடு இறங்கி வந்தாள். கண் வீங்கியிருந்தது. குமுதாவைப் பார்க்காமல் தாண்டிப்போய் நித்தியாவிடம், "அக்கா, அந்த நிகழ்தகவு எனக்கு இன்னும் புரியல" என்றாள்.

நித்தியா சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு வேனின் பக்கவாட்டிலேயே மாஜோங் பேப்பரை ஒட்டினாள். பிள்ளைகள் அடுக்குமாடிக்குக் கீழே இருந்த பூப்பந்துத் திடல் சிமெண்டில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவராகத்தான் வந்தார்கள். சிலர் வரவில்லை. வேன் இப்போது கரும்பலகை. பாடம் நடக்கையில் ஹார்ன் அடிக்கவும் கூடாது.

குமுதா மூன்றாம் மாடிக்கு ஏறிப்போய்க் கதவைத் தட்டினாள். கலாவதி பாதி திறந்தாள்.

"சேது வரமாட்டான். இத்தன வருஷத்துல நேத்துதான் அவன் என் காலத் தொட்டான். நல்ல காரியத்தக் கெடுத்துட்ட நீ."

"கெடுத்தேன்தான்" என்றாள் குமுதா, கதவிடுக்கில் காலை வைத்துக்கொண்டு. "திட்டு. எவ்வளவு வேணும்னாலும் திட்டு. சேது எங்க?"