கால் விரலில் கட்டிய கயிறு

காரியாபட்டிப் பக்கம் பிறந்தவள் நான். ஆடு மாடு அடைந்ததும் படுத்து, வெளிச்சம் முகத்தில் விழுந்த பிறகுதான் எழுந்திருப்போம். சிவகாசிக்குப் பக்கத்தில் வாக்கப்பட்டு வந்ததும் அந்தத் தூக்கம் போயிற்று. தீப்பெட்டி ஆபீஸ் வண்டி கோழி கூவும் முன்பே தெருமுனைக்கு வந்துவிடும். இரண்டு தடவை ஆரன் அடிப்பார்கள். ஏறாவிட்டால் அன்றைய வேலை போச்சு.

அந்தப் பயத்தில் சாயங்காலமே தலை சீவி, மறுநாளுக்கான சேலையையும் கட்டிக்கொண்டு, தூக்குவாளியைத் தலைமாட்டில் வைத்துப் படுப்பேன். கண் மூடாது. தூரத்தில் லாரி போனாலும் எழுந்து உட்காருவேன். நிலா வெளிச்சத்தை விடியல் என்று நினைத்துத் தெருமுனையில் போய் நின்று, நாய் குரைக்கத் திரும்பி வந்ததும் உண்டு. விரல்களும் சும்மா இருக்காது. ஆபீஸில் மரச்சட்டத்தில் தீக்குச்சி அடுக்குவதுபோலப் பாயின் கோரையை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே கிடக்கும்.

ராத்திரி வராத தூக்கம் வேலையில் வந்தது. குச்சிகள் கோணலாக நின்றன. கணக்கப்பிள்ளை பார்த்துவிட்டார்.

"ஏத்தா, இன்னொரு நாள் இங்கன உக்காந்து சாமியாடுனா, வீட்டுலயே இருந்து பெட்டி ஒட்டு. வண்டி ஏற வேணாம்."

என் வரிசையில் என் வேகத்துக்கு அடுக்க ஆள் கிடையாது. அந்த இடத்தை விட்டுவிட்டு வீட்டில் பசை கிண்டுவதா?

எங்கள் தெருப் பெண்கள் கால் கட்டைவிரலில் சணல் கயிறு கட்டி, மறுமுனையைச் சன்னல் வழியே தெருவில் விட்டுப் படுப்பார்கள். முதலில் எழுகிறவள் போகிற போக்கில் இழுத்துவிட்டுப் போவாள். பக்கத்து வீட்டு அக்கா என்னையும் கட்டச் சொல்லியிருந்தாள்.

"நான் என்ன கன்னுக்குட்டியா, கயிறு போட்டு இழுக்க?" என்று கேட்டிருந்தேன்.

கணக்கப்பிள்ளை சொன்ன அன்று வேறு வழி தெரியவில்லை. கயிற்றை வெளியே விட்டேன். ஆனால் என் காலை ஒருத்தி இழுக்க மனசு ஒப்பவில்லை. அயர்ந்து கிடந்த என் வீட்டுக்காரர் விரலில் கட்டினேன். அவர் எழுந்து என்னை எழுப்பட்டுமே.

அக்கா பலமாக இழுத்திருக்கிறாள். "ஐயோ, பாம்பு!" என்று அலறி, கயிற்றைப் பிய்த்துக்கொண்டு தெருவுக்கு ஓடியிருக்கிறார் மனுஷன். அங்கே பெண்கள் ஏறிய வண்டி நின்றது.

"அண்ணே, நீங்களும் குச்சி அடுக்க வாரீகளா?"

"சேலை கட்டிட்டு வாங்கண்ணே, எடம் போட்டு வைக்கோம்!"

இத்தனை கூத்திலும் நான் அசையவில்லை. எழுப்ப ஆள் உண்டு என்றதும் உடம்பு தன்னை விட்டுக்கொடுத்து உறங்கியிருக்கிறது. அவர் வந்து உலுக்கிய பிறகுதான் ஓடிப்போய் ஏறினேன்.

"மகாராணிய எழுப்ப ஆள் வச்சிருக்காக போல!" என்றாள் அக்கா. வண்டியே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஆனால் அன்று ஒரு குச்சிகூடக் கோணவில்லை. கணக்கப்பிள்ளை என் வரிசையில் நிற்காமலே போனார். அன்று ராத்திரி கயிறு என் விரலுக்கு வந்தது. என் இடமும் எனக்கே நின்றது.

அடைமழையில் குச்சி காயாமல் ஆபீஸை அடைத்தார்கள். அக்கா தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். இனி இஷ்டம்போலத் தூங்கலாம் என்று கயிற்றை அவிழ்த்தேன். ஆனால் தூக்கம் வராமல் பழையபடி புரளத் தொடங்கினேன்.

"ஏ புள்ள, இப்ப எந்த வண்டி வரப்போகுது?" என்றார் அவர்.

கயிற்றை எடுத்து விரலில் கட்டி, மறுமுனையை மழையில் விட்டேன். இழுக்க ஆளில்லை என்று தெரியும். அப்படியே தூங்கிப்போனேன்.